பேஸ்மென்ட்டுக்கு வைஃபை எட்டவில்லையா? பழைய ரூட்டர் ஒன்று போதும்

கனடாவின் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்டன் பகுதிகளில் வந்து இறங்கும் நம்மவர்கள் பலருக்கு முதல் வீடு ஒரு பேஸ்மென்ட்தான். வாடகையிலேயே இணையமும் அடக்கம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். ஆனால் ரூட்டர் மேல்தளத்தில் இருக்கும். அதன் அலை தரையையும், சூடான காற்று செல்லும் தகரக் குழாய்களையும் கடந்து கீழே வருவதற்குள் மெலிந்துவிடும். கைபேசி சிக்னலும் அங்கே குறைவு என்பதால், வேலைக்கான நேர்காணல் முதல் ஊருக்குப் பேசும் வீடியோ அழைப்பு வரை எல்லாம் இந்த வைஃபையை நம்பியே நடக்கின்றன.

கடைக்குப் போனால் ரிப்பீட்டரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது, ஏற்கெனவே மெலிந்து வந்த அலையை வாங்கி மறுபடி அனுப்புகிறது; வாங்கவும் அனுப்பவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் மலிவான கருவிகளில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலிருந்து ஒரு கேபிள் கீழே வருமானால், உறவினர் ஒதுக்கிவைத்த பழைய ரூட்டரே அதைவிட நன்றாக உழைக்கும். இணைய நிறுவனம் வாடகைக்குக் கொடுத்த கருவியாக இல்லாமல், உறவினருக்கே சொந்தமானதாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்5இ (Cat5e) வகை இணையக் கேபிளே போதும். 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அதைப் படிக்கட்டின் ஓரமாகக் கொண்டுவாருங்கள். சூடான காற்றுக் குழாய்க்குள் விட வேண்டாம்: தீப்பிடித்தால் அதன் உறையிலிருந்து எழும் புகை அந்தக் குழாய் வழியாகவே வீடெங்கும் பரவும். கேபிள் டிவிக்காகப் போட்ட கோஆக்ஸ் கம்பி இரு தளங்களிலும் இருந்தால், அந்தக் கம்பியில் இணையத்தைக் கடத்தும் மோக்கா (MoCA) அடாப்டர் இரண்டை வாங்கி அதன் வழியாகவும் இணைப்பைக் கொண்டுவரலாம்.

அடுத்து, மேலே இருப்பவர் உங்களுக்கு யார் என்பதைப் பொறுத்து அமைப்பு மாறும். ஒரே குடும்பம் என்றால், பழைய ரூட்டரின் ரீசெட் பொத்தானைச் சுமார் 10 வினாடி அழுத்திப் பிடித்துப் பழைய அமைப்புகளை அழித்துவிட்டு, மடிக்கணினியை அதனோடு கேபிளில் இணைத்து, அடியில் ஒட்டிய சீட்டில் உள்ள முகவரியை பிரவுசரில் தட்டி அமைப்புப் பக்கத்துக்குள் செல்லுங்கள். மேல் ரூட்டரின் இணைப்பை வைஃபையாக மட்டும் பரப்பும் ஆக்செஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. இல்லையெனில், மேல் ரூட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2 போல, மேல் ரூட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடாத ஒரு முகவரியைக் கொடுத்து, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி (DHCP) வசதியை நிறுத்தி, இரண்டு ரூட்டர்களிலும் வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான லேன் (LAN) துளைகளை கேபிளால் இணையுங்கள். டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரூட்டர்களும் போட்டிபோட்டு முகவரி வழங்கும். வைஃபை முழுதாகக் காட்டும், சில கருவிகளில் இணையம் மட்டும் வராது. வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று பிரித்துவிடுங்கள்.

மேலே இருப்பவர் அறிமுகமற்றவர் என்றால், மேலிருந்து வரும் கேபிளைப் பழைய ரூட்டரில் வெளியிலிருந்து இணையம் வருவதற்கான வான் (WAN) துளையில் செருகி, டிஹெச்சிபியை நிறுத்தாமல், 192.168.1.1 போன்ற வேறு முகவரி வரிசையையும் வேறு வைஃபை பெயரையும் வைப்பதே நல்லது. சில ஆன்லைன் விளையாட்டுகள் இதில் தகராறு செய்யலாம். ஆனாலும் உங்கள் மடிக்கணினியையும் பிரிண்டரையும் மேல்தளத்துக் கருவிகள் நேரடியாக எட்ட முடியாது என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன். எப்படி அமைத்தாலும் டபிள்யூபிஏ2 பாதுகாப்புகூட இல்லாத மிகப் பழைய ரூட்டர் வேண்டாம்.

ஊரிலிருந்து ரூட்டர் கொண்டுவந்தவர்கள் அதன் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட். சேனலும் 11க்கு மேல் போகக் கூடாது. 12, 13இல் ஒலிபரப்பினால் இங்கு வாங்கிய கைபேசிகள் பலவற்றின் கண்ணுக்கே அது தெரியாது.

இணைப்பு நிலையானதும் கைபேசியில், சிக்னலுக்குப் பதில் வைஃபை வழியாக அழைக்கும் வைஃபை காலிங்கை இயக்குங்கள். அப்போது கேட்கப்படும் அவசர முகவரியில், பேஸ்மென்ட் என்ற குறிப்போடு இப்போதைய முகவரியைப் பதியுங்கள். 911ஐ அழைத்துப் பேச முடியாத நிலை வந்தால், உதவிக்கு வருபவர்கள் அந்த முகவரியைத் தேடித்தான் வருவார்கள்.