டர்போ பிளாக்கை டர்போ இல்லாத ஹைலக்ஸில் ஏற்றுவது

"அண்ணே, ஹைலக்ஸ் 2எல் பிளாக் போயிடுச்சு. ஹாஃப்கட் கடையில 2எல்-டி பிளாக்தான் இருக்குன்றான். மாட்டலாமா?" பட்டர்வொர்த்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. 2எல் என்பது டொயோட்டாவின் டர்போ இல்லாத டீசல் இஞ்சின், 2எல்-டி அதன் டர்போ வகை. ஹாஃப்கட் கடை என்றால் வெளிநாட்டிலிருந்து வெட்டி வந்த பழைய வண்டிகளின் இஞ்சினும் சாமானும் விற்கும் கடை. தாராளமாக மாட்டலாம். ஆனால் டர்போ இல்லாத பிளாக்கில் டர்போவை ஏற்றச் சொன்னால் நான் செய்ய மாட்டேன்.

இரண்டுமே 2446 சிசி. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 92 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதேதான். பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் அடியில் இருக்கிறது. டர்போ கூடுதலாகக் காற்றைத் தள்ளும், அதற்கேற்ப டீசலும் கூடும், அந்தச் சூடெல்லாம் பிஸ்டன் தலையில் இறங்கும். அதைத் தணிக்கத்தான் டர்போ பிளாக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்குக் கீழேயும் ஒரு சின்ன ஆயில் நோசல் வைத்திருக்கிறார்கள். அது பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது இல்லாத பிளாக்கில் டர்போ போட்ட ஒரு வண்டியை நிபோங் தெபாலிலிருந்து இழுத்து வந்தார்கள். வேறொரு பட்டறையில் செய்த வேலை. மூன்றாவது பிஸ்டனைக் கையில் எடுத்தேன். நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் விளிம்பு உருகி வழிந்த மெழுகுவர்த்தி போல. வண்டிக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அதனால் கடையில் பிளாக்கைப் பார்க்கும்போது தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஆயில் சட்டியைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து நான்கு நோசலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் ஆயில் பிஸ்டனில் படாது.

பிளாக் வந்ததும் பிஸ்டன், ராட், கிராங்க் எல்லாம் அதனுடையதையே வைத்துக்கொள்ளுங்கள். ஹெட், டீசல் பம்ப், இன்ஜெக்டர், மேனிஃபோல்ட் உங்கள் பழைய 2எல் சாமான். ஆயில் சட்டியும் உங்களுடையதுதான். கிரவுன், மார்க் டூ போன்ற கார்களிலிருந்து வந்த சட்டி ஹைலக்ஸின் அடியில் சரியாக உட்காராது. கம்ப்ரஷன், அதாவது காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, கொஞ்சம் குறையும்: 2எல் 22-ஐ ஒட்டி, டர்போ 20-ஐ ஒட்டி. குளிர் நாட்டில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கலாம். பினாங்கு வெயிலில், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் நன்றாக இருந்தால் போதும்.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கெட்டில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இந்த இஞ்சினுக்கு பி, டி, எஃப் என்று மூன்று தடிமனில் கேஸ்கெட் உண்டு. பி மெல்லியது, எஃப் தடித்தது. பழைய பிளாக்கில் இருந்த எழுத்தையே வாங்கிப் போடக் கூடாது. கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் மேல்தளத்தை விட எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். நான்கு பிஸ்டனையும் அளந்து, அதிகமாக நிற்பதை வைத்துத்தான் கேஸ்கெட் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதை விட்டால் ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டி வரும்.

அப்புறம், நாம் மாட்டாத டர்போவுக்குப் போன ஆயில் வழிகள். போகிற ஓட்டை, திரும்புகிற ஓட்டை, இரண்டையும் சரியான போல்ட், செம்பு வாஷரோடு அடையுங்கள். முதல் தடவை நான் செம்பு வாஷர் இல்லையென்று பழைய அலுமினிய வாஷரைப் போட்டுவிட்டேன். பினாங்குப் பாலத்தின் நடுவில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. உடனே இஞ்சினை அணைத்து ஓரம் கட்டியதால் பேரிங் தப்பியது. பானெட்டைத் திறந்தால் பிளாக்கின் ஒரு பக்கம் முழுக்க ஆயில்.

டைமிங் பெல்ட்டும் ஐட்லரும் புதிதாகவே போடுங்கள். பெல்ட் மாட்டியதும் கையால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்ப நேராக வருகின்றனவா பாருங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப்பின் ஸ்டாப் சொலனாய்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு கிராங்க் அடியுங்கள். நோசல், பேரிங் எல்லாவற்றுக்கும் ஆயில் போய்ச் சேர்ந்த பிறகு ஒயரை மாட்டுங்கள்.

இஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. ஆகவே பிளாக் மாறினால், மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கணக்கில் இஞ்சினே மாறியது மாதிரி. புஸ்பாகோம் நிலையத்தில் வாகனச் சோதனை, ஜேபிஜே அனுமதி, கிராண்ட் என்கிற வண்டிப் பதிவில் புது நம்பர், இத்தனையும் வேண்டும். இதற்குக் கடை ரசீதும் கஸ்டம்ஸ் இறக்குமதிப் பத்திரமும் தேவைப்படும். பத்திரத்தில் உள்ள நம்பரையும் பிளாக்கில் அடித்திருப்பதையும் கடையிலேயே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தவுக்கேயிடம் வெள்ளியை எண்ணிக் கொடுங்கள்.