டிரெய்லர் இழுக்கப் பிக்கப் வாங்குவோர் குனிந்து படிக்க வேண்டிய ஸ்டிக்கர்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கச் செல்பவரிடம் விற்பனையாளர் முதலில் சொல்வது இழுவைத் திறனைத்தான். 11,000 பவுண்டு இழுக்கும் என்பார். அது பொய்யன்று. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 தரநெறிப்படி அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது வரை கணக்கு உண்டு. ஆனால் அந்தத் தரநெறி வண்டிக்குள் இருவர் மட்டுமே அமர்ந்திருப்பதாகக் கொள்கிறது. விளம்பரத்தில் வரும் எண்ணோ, அந்த மாடலிலேயே அதிகம் இழுக்கும் எஞ்சினும் ஆக்சில் விகிதமும் கொண்ட வண்டிக்கு உரியது.

ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பூட்டிக்கொள்ளும் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டையிட்ட வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். மேற்கூரைக் கண்ணாடி, நான்கு சக்கர இயக்கம் எனச் சேர்க்கச் சேர்க்க இந்த எண் குறையும் என்பதால், ஒரே மாடலின் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் எண் வேறாக இருக்கும். சிற்றேட்டை நம்பாமல், நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் கதவையே திறந்து பாருங்கள்.

தண்ணீரும் பொருளும் ஏற்றிய நிலையில் 7,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். அதன் மூக்கு ஹிட்ச்சின் (பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மீது அழுந்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 12 விழுக்காடு என்றால் 840 பவுண்டு. நான்கு பேர் 600, எடையைப் பகிரும் ஹிட்ச் 80. கூட்டினால் 1,520. ஸ்டிக்கரில் 1,480 என்று இருந்தால், இழுவைத் திறனில் 4,000 பவுண்டு மிச்சமிருந்தும் அந்தப் பிக்கப் உங்களுக்கு ஆகாது. இந்தக் கணக்கில் டிரெய்லரின் வெற்று எடையைப் போடாதீர்கள்; 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 330 பவுண்டு கூடிவிடும். பிக்கப்பின் பின்புறம் சரக்கு ஏற்றும் திறந்த பகுதிக்குள் பொருத்தும் ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லர்களில் அழுந்தும் எடை 15 முதல் 25 விழுக்காடு வரை போகும் என்பதால், அரை டன் எனப்படும் எடை குறைந்த வகைப் பிக்கப் பெரும்பாலும் தாங்காது. அதைவிடக் கனமான வகைகளான முக்கால் டன்னுக்கோ ஒரு டன்னுக்கோ போவதே முறை.

அடுத்தது பிரேக். டிரெய்லரின் மின் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வண்டியைத் தேடுங்கள். டிரெய்லர் வாலாட்டும்போது பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, அந்தக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி டிரெய்லரை மட்டும் பிடித்து நிறுத்த முடிய வேண்டும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் கூடிய வண்டி இந்த ஆட்டத்தை எளிதில் சமாளிக்கும். மோதல் சோதனையில் பெற்ற நட்சத்திரங்களையும் பார்க்கலாம். ஆனால் அவை டிரெய்லர் இல்லாமல் பெற்றவை.

டிரெய்லரை மாட்டும் முன்பும் பின்பும் முன்சக்கர ஃபெண்டரின் உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். பிக்கப்பின் மூக்கு தூக்கிக்கொண்டால் ஸ்டீயரிங்கின் பிடி குறைந்துவிட்டது என்று பொருள். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஏற்றினால், முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றின் எடையும் தனித்தனியே ஒரே சீட்டில் வரும். அதில் உள்ள முன், பின் ஆக்சில் எடைகளைக் கதவுத் தூணில் உள்ள ஆக்சில் வரம்பு எண்களோடு ஒப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.