டெவ் புரோட்டியேஸ் வைத்து ஹிஸ்-டேக்கை வெட்டி எடுப்பது எப்படி?

நிக்கல் காலத்தில் (column, நிக்கல் ஏற்றிய ரெசின் மணிகள் நிரப்பிய குழாய்) புரதத்தைப் பிடித்து, இமிடசோல் என்ற வேதிப்பொருளால் இறக்கியாகிவிட்டது, அதன் முனையில் இருக்கும் ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வரிசை) மட்டும் போகவேண்டும் என்கிறவர்களுக்கான பதிவு இது.

என் தேர்வு டெவ்தான் (TEV, ஒரு புகையிலை வைரஸிலிருந்து வந்த, புரதத்தை வெட்டும் நொதி). இன்னொரு வெட்டும் நொதியான திராம்பின் வேகமாக வெட்டும், ஆனால் புரதத்தின் நடுவிலும் கைவைத்துவிடும். டெவ் அப்படியில்லை. குளூட்டமிக் அமிலம், அஸ்பராஜின், லூசின், டைரோசின், ஃபினைல்அலனின், குளூட்டமின் என்ற வரிசையைத் தேடிப்பிடித்து, குளூட்டமினுக்கும் அடுத்து வரும் கிளைசின் அல்லது செரினுக்கும் இடையில்தான் வெட்டும். வாங்கினாலும் வளர்த்தாலும் எஸ்219வி (219-ஆவது இடத்தின் செரினை வேலினாக மாற்றியது) என்ற மாற்றுவடிவமாகப் பாருங்கள். பழைய வடிவம் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். டெவ்விலும் ஹிஸ்-டேக் இருக்கவேண்டும். காரணம் நான்காவது படியில்.

1. முதலில் சின்ன அளவில் பாருங்கள். 50 மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 மைக்ரோகிராம் டெவ், அறை வெப்பநிலை. தொடக்கத்திலும், 1, 2, 4 மணி நேரத்திலும், மறுநாள் காலையிலும் கொஞ்சம் எடுத்து, சாம்பிள் பஃபரில் கலந்து 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். வினை அங்கேயே நின்றுவிடும்.

2. ஜெல் ஓட்டும்போது டெவ்வை மட்டும் தனியாக ஒரு லேனில் போடுங்கள். அது 27 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வரும். ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மாதிரி அதே எடையுள்ள புரதமென்றால் இந்த லேன் இல்லாமல் எது எதுவென்றே தெரியாது. டேக் போனால் குறைவது இரண்டு மூன்று கிலோடால்டன்தான். 60 கிலோடால்டன் புரதத்தில் அந்த இறக்கம் கண்ணுக்குப் படாது. ஹிஸ்-டேக்கை அடையாளம் காணும் ஆன்டிபாடி வைத்து வெஸ்டர்ன் பிளாட் பாருங்கள்.

3. இப்போது முழு அளவு. புரதத்தோடு டெவ்வைச் சேர்த்து, டயாலிசிஸ் பையில் (சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) கட்டி, 4 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். 30 டிகிரியில் டெவ் இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் பல புரதங்கள் அந்தச் சூட்டைத் தாங்காமல் படிந்துவிடும். வெட்டுவதும் இமிடசோல் வெளியேறுவதும் ஒரே இரவில் முடியும்.

இங்கே பஃபரில்தான் கவனம் வேண்டும். டெவ்வின் வினைமையத்தில் இருப்பது சிஸ்டீன். அது ஆக்சிஜனேற்றம் அடையாமல் இருக்க ஒடுக்கி தேவை. பல குறிப்புகளில் 1 மில்லிமோலார் டிடிடி (DTT, ஓர் ஒடுக்கி), 0.5 மில்லிமோலார் இடிடிஏ (EDTA, உலோக அயனிகளைப் பிடிப்பது) என்று இருக்கும். வெட்டுவதற்கு அது சரிதான். ஆனால் அதே கரைசலை அப்படியே நிக்கல் காலத்தில் ஏற்றினால் இடிடிஏ நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு போகும், டிடிடி நிக்கலை ஒடுக்கி ரெசினைப் பழுப்பாக்கும். நான் இடிடிஏ சேர்ப்பதே இல்லை. டிடிடிக்குப் பதில் 0.5 மில்லிமோலார் டிசெப் (TCEP, இன்னொரு ஒடுக்கி) போதும்.

4. காலையில் நிக்கல் காலத்தில் மறுபடி ஏற்றுங்கள். வெட்டுப்பட்ட டேக், வெட்டுப்படாத புரதம், டெவ் மூன்றும் ரெசினில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டிய புரதம் ஒட்டாமல் வழிந்து வரும். அதைக் கொட்டிவிடாதீர்கள்! இமிடசோல் மிச்சம் இருந்தால் டெவ்வும் கூடவே வழியும், அதனால்தான் டயாலிசிஸ்.

பின்சேர்க்கை: “வெட்டவே மாட்டேன் என்கிறதே” என்று பலர் கேட்டார்கள். வெட்டுமிடத்துக்கு அடுத்த அமினோ அமிலம் புரோலின் என்றால் வெட்டாது. வரிசை சரியாக இருந்தும் வெட்டவில்லை என்றால், வெட்டுமிடம் புரத மடிப்புக்குள் மறைந்திருக்கலாம். 1 மோலார் யூரியாவில் சின்ன அளவில் சோதித்துப் பாருங்கள், டெவ் அதைத் தாங்கும். அதிலும் நகரவில்லை என்றால், வெட்டுமிடத்துக்கும் புரதத்துக்கும் நடுவே நாலைந்து கிளைசின்-செரின் சேர்த்துப் புதிதாக குளோன் செய்வதே வழி. பிஎம்எஸ்எஃப் (PMSF, செரின் புரோட்டியேஸ்களைத் தடுப்பது) டெவ்வைத் தடுக்காது, பயம் வேண்டாம். துத்தநாகம் தடுக்கும்; அயோடோஅசிட்டமைடும் அப்படியே.