மூடிய சவாரியின் இடத்தில் அடுத்தது எது? வாதிட வரும் ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தீம் பார்க்கில் பழைய சவாரி ஒன்று மூடப்படுகிறது என்ற அறிவிப்பு வெளியான அன்றே, அந்த இடத்தில் அடுத்து எது வரவேண்டும் என்ற வாக்குவாதமும் ரசிகர்களிடையே தொடங்கிவிடும். அப்போது முன்வைக்கப்படும் பெரும்பாலான யோசனைகள் ஒரு திரைப்படத்தின் பெயரோடு தொடங்கி, அந்தப் பெயரோடேயே முடிந்துவிடுகின்றன. காலியான கட்டடத்துக்குள் அந்தப் படம் எப்படி நுழையும், மணிக்கு எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு வெளியேறுவார்கள், அதைப் பயன்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று சொல்லாதவரை அது வாதமாகாது; ஆசை மட்டுமே. எதிர்க்கேள்விகளைத் தாங்கி நிற்கக்கூடிய ஒரு யோசனையை உருவாக்குவது எப்படி என்பதை, ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவின் டுமாரோலேண்டு பகுதியில் 2018 ஜனவரியில் மூடப்பட்ட 'ஸ்டிட்சஸ் கிரேட் எஸ்கேப்' கட்டடத்தை முன்வைத்துப் பார்ப்போம். அந்த மூடலுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் குறைவு என்பதால், நிதானமாகப் பழகிப் பார்க்க அது ஏற்ற இடம்.

முதலில், படத்தின் பெயரைச் சொல்லாமல், அங்கே என்ன நிற்கிறது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டிட்ச் கட்டடத்துக்குள் இருந்தவை வட்ட வடிவ அரங்குகள். 1971-இல் 'ஃப்ளைட் டு தி மூன்' என்ற பெயரில் சந்திரப் பயணக் காட்சிக்காக அவை அமைக்கப்பட்டன. பார்வையாளர்கள் வட்ட வரிசைகளில் அமர்ந்து, தரையிலும் கூரையிலும் இருந்த திரைகளின் வழியே பூமி விலகுவதையும் நிலவு நெருங்குவதையும் பார்த்தார்கள். மனிதர்கள் உண்மையிலேயே நிலவில் இறங்கிவிட்ட பிறகு அந்தக் காட்சிக்கு மவுசு குறைந்ததால், 1975-இல் பயணம் செவ்வாய்க் கிரகத்துக்கு மாற்றப்பட்டு 1993 வரை ஓடியது. 1995-இல் அதே வட்டத்தின் நடுவில் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய் நிறுத்தப்பட்டது. அதற்குள் வந்து சேரும் வேற்றுக்கிரகப் பிராணி கண்ணாடியை உடைத்துக்கொண்டு தப்பிவிட, விளக்குகள் அணைய, தோளை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக்குப் பின்னாலிருந்து பிடரியில் சூடான மூச்சுக்காற்று படும். குழந்தைகள் வீறிட்டு அழுத அந்த 'ஏலியன் என்கவுன்ட்டர்' 2003-இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டே டிஸ்னியின் கார்ட்டூன் படத்தில் வரும் குறும்புக்கார வேற்றுக்கிரகப் பிராணியான ஸ்டிட்ச் வந்தது. அதே குழாய், அதே தோள்கம்பி, அதே இருட்டு. ஆனால் இம்முறை பிடரியில் மூச்சு விடுவதற்குப் பதிலாக, ஸ்டிட்ச் முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டு, 'சில்லி' என்ற கார இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஹாட்டாக் வாடையை அரங்கம் முழுவதும் பரப்பும். அந்த வாடையை அனுபவித்தவர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக நான்கு காட்சிகள் வந்தபோதும், வட்டம் மாறவில்லை. கதையை மாற்றுவதற்கு ஆகும் செலவும் சுவரை மாற்றுவதற்கு ஆகும் செலவும் முற்றிலும் வேறு என்பதால், பூங்கா நிர்வாகம் முடிந்தவரை முன்னதை மட்டுமே செய்யும். எனவே உங்கள் யோசனை பழைய உடலுக்குப் புதுச் சட்டை மாட்டுகிறதா, உடலையே இடித்துவிட்டுத் தொடங்குகிறதா என்பதை முதல் வாக்கியத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள். இதைச் சொல்லாமல் மறைத்தால், அடுத்தவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது இயந்திரம். இருக்கும் இயந்திரத்துக்குப் பொருந்தும் யோசனை பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டது என்றே சொல்லலாம். டிஸ்னியின் போட்டியாளரான யுனிவர்சலின் அமெரிக்கப் பூங்காக்களில் 'பேக் டு தி ஃபியூச்சர்' சவாரி 2007-இல் மூடப்பட்டதும், அதன் அசையும் வண்டிகளையும் குவிமாடத் திரைகளையும் வைத்துக்கொண்டே 2008-இல் 'சிம்ப்ஸன்ஸ்' சவாரியைத் திறந்துவிட்டார்கள். ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமில் 1998 முதல் இருந்த 'டைனோசர்' சவாரியின் தடமும் வண்டியும், கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1995-இல் திறக்கப்பட்ட 'இண்டியானா ஜோன்ஸ்' சவாரியினுடையவற்றைக் கிட்டத்தட்ட அப்படியே ஒத்தவை. அதனால்தான் டைனோசருக்குப் பதிலாக இண்டியானா ஜோன்ஸ் வரலாம் என்று ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2024 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனமே அதை அறிவித்தபோது அவர்களில் யாரும் வியப்படையவில்லை. தடத்தின் வரைபடத்தைப் பார்த்திருந்தாலே யூகித்திருக்கக்கூடிய முடிவுதான் அது.

எதிர்த் திசையில் ஒரு பாடமும் டிஸ்னிலேண்டிலேயே இருக்கிறது. தலைக்கு மேலே மெல்ல ஊர்ந்து சென்ற 'பீப்பிள்மூவர்' 1995-இல் நிறுத்தப்பட்டது. அதே உயர்தடத்தில் 1998-இல் வேகமான 'ராக்கெட் ராட்ஸ்' வண்டிகளை ஓடவிட்டார்கள். மெதுவான வண்டிக்காகக் கட்டப்பட்ட அந்தத் தடத்தின் வளைவுகளில் பக்கவாட்டுச் சாய்வு கிடையாது. ஆகவே நேர்ப்பாதையில் சீறும் வண்டி ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகத்தைக் குறைத்து, வளைவைக் கடந்ததும் மீண்டும் சீற வேண்டியிருந்தது. அடிக்கடி பழுதாகி நின்ற அந்தச் சவாரி 2000-க்கு மேல் தாங்கவில்லை. தடத்துக்குச் சாய்வு கொடுக்கப் பணம் ஒதுக்காமல் வேகத்தை மட்டும் விரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வேகமான சவாரி ஒன்றைப் பழைய தடத்தில் பொருத்தச் சொல்லும் யோசனை எதைக் கண்டாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் அனுபவித்துவிட்டு வெளியேறுகிறார்கள் என்பதே பூங்கா நடத்துபவர்களின் முதல் கேள்வி. ரசிகர்களின் கடைசிக் கேள்வியும் அதுதான். எட்டுப் பேர் ஏறும் வண்டி முப்பது வினாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 120 வண்டிகள், 960 பேர். அதையே பதினைந்து வினாடிக்கு ஒன்றாக்கினால் 1920 பேர். அரங்கக் காட்சி என்றால் கணக்கு வேறு. அது கல்யாணப் பந்தியைப் போன்றது: உட்கார்ந்த கூட்டம் முழுவதும் எழுந்து, இலை எடுத்து, இடம் துடைத்த பிறகே அடுத்த கூட்டம் அமர முடியும். ஆகவே காட்சி பன்னிரண்டு நிமிடமே ஆனாலும், உள்ளே அனுப்பவும் வெளியேற்றவும் ஆகும் நேரத்தைச் சேர்த்து வகுக்க வேண்டும். துல்லியமான எண் கிடைக்காவிட்டாலும் தோராயமான கணக்கு ஒன்றை எழுதிக் காட்டுங்கள். கணக்கு எழுதியவரோடு வாதிட வருகிறவர்களும் கணக்கோடுதான் வருவார்கள். விவாதத்தின் தரம் அங்கேயே உயர்ந்துவிடும்.

நான்காவது, உரிமை. ஸ்டிட்ச் கட்டடத்தில் அவெஞ்சர்ஸ் நாயகர்களைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மார்வெல் நிறுவனம் டிஸ்னியின் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1994-இல், யுனிவர்சலோடு செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள அமெரிக்கப் பகுதியில், யுனிவர்சல் பூங்கா பயன்படுத்தும் மார்வெல் பாத்திரங்களையும் அவர்களோடு பிணைந்த குடும்பங்களையும் வேறு பூங்கா பயன்படுத்த அது இடம் தருவதில்லை. ஃபுளோரிடா அந்த எல்லைக்குள் வருகிறது, கலிஃபோர்னியா வரவில்லை. அதனால்தான் கலிஃபோர்னியாவில் அவெஞ்சர்ஸ் பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது, ஃபுளோரிடாவில் இல்லை. யுனிவர்சலில் இடம்பெறாத 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' குழுவுக்கு வழி திறந்திருந்தது. 2017-இல் மூடப்பட்ட எரிசக்தி அரங்கின் இடத்தில், ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2022-இல் அவர்கள் பெயரில் ரோலர் கோஸ்டர் ஒன்று திறக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு பூங்காக்களில் ஒன்றில் முடிவது மற்றொன்றில் முடியாமல் போகலாம் என்பதை அறியாமல் எழுதப்படும் யோசனைகளை முதல் பதிலிலேயே தள்ளிவிடுவார்கள்.

ஐந்தாவது, இடத்தின் இயல்பு. இங்கேதான் ரசிகர்கள் உண்மையிலேயே பிளவுபடுகிறார்கள். எனக்கும் இதில் உறுதியான பக்கம் உண்டு. எப்காட்டில் நாடுகளின் அரங்குகளில் ஒன்றான நார்வேயில், 1988 முதல் 'மெயில்ஸ்ட்ரம்' என்ற படகுச் சவாரி இருந்தது. 2014 அக்டோபரில் அதை மூடி, அதே கால்வாயில், படகு பின்னோக்கிச் செல்லும் பகுதியைக்கூட விட்டுவிடாமல், 2016 ஜூனில் 'ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர்' திறக்கப்பட்டது. இயந்திரம் பொருந்தியது, உரிமையும் கையிலேயே இருந்தது, கூட்டமும் திரண்டு வந்தது. ஆனாலும் நிஜ நாடு ஒன்றைக் காட்டுவதற்காக ஒதுக்கப்பட்ட அரங்கில் 'ஃப்ரோஸன்' படத்தின் கற்பனை நாடான ஆரண்டெல் குடியேறியது பொருந்தவில்லை என்றே நான் கருதுகிறேன். நீங்கள் மறுக்கலாம். ஆனால் மறுக்கும்போது 'கூட்டம் வருகிறதே' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேறு எந்த மூலையில் வைத்திருந்தாலும் அதே கூட்டம் வந்திருக்காதா என்ற கேள்விக்கும் விடை சொல்லுங்கள்.

மூடப்பட்டது எல்லோரும் நேசித்த சவாரியாக இருந்தால், மேற்சொன்ன எதையும் பேசத் தொடங்கும் முன்பே விவாதம் தீப்பற்றிக்கொள்ளும். டிஸ்னி பூங்காக்களின் நீர்ச்சறுக்குப் படகுச் சவாரியான 'ஸ்பிளாஷ் மவுண்டன்' அப்படித்தான் ஆயிற்று. கறுப்பின மக்களைச் சித்திரித்த விதத்துக்காக நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டு, நிறுவனமே அமெரிக்காவில் வீட்டுக் காணொளியாகக்கூட வெளியிடாமல் ஒதுக்கிவைத்த 1946-ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து அதன் கதை எடுக்கப்பட்டிருந்தது. 2020 ஜூனில் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023-இல் ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் மூடப்பட்டு, 2024-இல் இரு இடங்களிலும், டிஸ்னியின் கறுப்பின இளவரசி டியானாவின் கதையைச் சொல்லும் 'டியானாஸ் பையூ அட்வென்ச்சர்' ஆகத் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட விவாதத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியே பிரித்து வையுங்கள்: பழையதை மூடியது சரியா, அதற்குப் பதிலாக இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தது சரியா, தேர்ந்தெடுத்த கதையை நன்றாகச் செய்திருக்கிறார்களா. மூடியது சரி என்று நினைப்பவர் புதிய சவாரியின் கதை சப்பென்று இருக்கிறது என்று சொல்லலாம். மூடியிருக்கக்கூடாது என்பவர் புதிய பொம்மைகளின் அசைவு அபாரம் என்று ஒப்புக்கொள்ளலாம். மூன்றையும் ஒரே முடிச்சாகப் போடுபவரிடம், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள். பழைய சவாரியும் இன்னொரு மூடலின் மிச்சத்தில் உருவானதே என்பதையும் இடையில் நினைவூட்டலாம்: டிஸ்னிலேண்டின் ஸ்பிளாஷ் மவுண்டனில் பாடிய விலங்குப் பொம்மைகளில் பெரும்பாலானவை, 1988-இல் மூடப்பட்ட 'அமெரிக்கா சிங்ஸ்' என்ற காட்சியிலிருந்து எடுத்துவரப்பட்டவை.

நிர்வாகத்தின் காதில் விழும்படி கேட்க விரும்பினால், எதைக் கேட்கிறீர்கள் என்பதில் அளவு தெரிய வேண்டும். மேஜிக் கிங்டமின் 'மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைடு' மூடப்படக்கூடாது என்று ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தும், 1998 செப்டம்பரில் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த 'வின்னி த பூ' சவாரியில், பழைய சவாரியின் நாயகனான தேரை டோட் தன் வீட்டுப் பத்திரத்தை பூ கதையின் ஆந்தையிடம் ஒப்படைக்கும் படம் ஒன்று சுவரில் மாட்டப்பட்டதுதான் மிச்சம். எப்காட்டில் வேறு விதமாக நடந்தது. கற்பனை அரங்கின் ஊதாநிற டிராகன் ஃபிக்மெண்டை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிட்டு 1999-இல் சவாரியை மாற்றியமைத்தார்கள். கண்டனம் ஓயாததால் 2001-இல் அதை மூடி, 2002-இல் ஃபிக்மெண்டோடு மீண்டும் திறந்தார்கள். ஒரு சவாரியை முழுவதுமாகக் காப்பாற்றக் கேட்பதைவிட, ஒரு பாத்திரத்தையோ பாட்டையோ முகப்பையோ காப்பாற்றக் கேட்பது நடக்கக்கூடியது.

எதுவுமே வராமல் போகவும் வாய்ப்புண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். மேஜிக் கிங்டமின் நீர்மூழ்கிச் சவாரி 1994-இல் நிறுத்தப்பட்ட பிறகு, அதன் செயற்கை ஏரி பத்தாண்டுக் காலம் சும்மாவே கிடந்து, 2004-இல்தான் வற்றவைக்கப்பட்டது; அந்த வட்டாரத்தில் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது 2014-இல். ஸ்டிட்ச் கட்டடமும் மூடப்பட்ட பின் பல ஆண்டுகள் புதிய சவாரி எதுவும் இல்லாமலேயே இருந்தது.

இனி எல்லாவற்றையும் சேர்த்து அரைப் பக்க யோசனையாக எழுதிப் பாருங்கள். ஸ்டிட்ச் கட்டடத்துக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும். வட்ட அரங்குகளை வைத்துக்கொண்டு ஐந்தாவது காட்சி ஒன்றை நுழைப்பது மலிவான வழி; ஆனால் அதே டுமாரோலேண்டில் 'லாஃப் ஃப்ளோர்', 'கரூசல் ஆஃப் புராக்ரெஸ்' என்று உட்கார்ந்து பார்க்கும் காட்சிகள் ஏற்கெனவே இருப்பதால் அது வேண்டாம். உட்புறத்தை முழுவதும் அகற்றிவிட்டு, தண்டவாளம் இல்லாமல் ஓடும் சிறு வண்டிகளில் இருட்டான கூடங்களின் காட்சிகளுக்கு நடுவே செல்லும் இருட்டுச் சவாரி ஒன்றை அமைக்கலாம். வெளிமுகப்பை வைத்துக்கொண்டு உள்ளே அனைத்தையும் மாற்றும் இந்த முறைக்கு, 'கிரேட் மூவி ரைடு' இருந்த கட்டடத்தில் 2020-இல் திறக்கப்பட்ட மிக்கி, மின்னி சவாரி முன்னுதாரணம். கதை டிஸ்னியின் சொந்த விண்வெளிப் பாத்திரங்களிலிருந்து வரவேண்டும், மார்வெல் வேண்டாம். டிஸ்னிலேண்டில் நின்றுபோனாலும் மேஜிக் கிங்டமில் இன்றும் ஓடும் பீப்பிள்மூவரின், கட்டடத்துக்குள் புகுந்து செல்லும் தடத்திலிருந்து ஒரு காட்சியாவது கண்ணில் பட வேண்டும். இந்த யோசனையின் பலவீனம் இடம்தான். வட்டங்களை எடுத்த பிறகு மிஞ்சும் தரைப்பரப்பில் வரிசைக்கும் சவாரிக்கும் சேர்த்து இடம் போதுமா என்று கேட்பவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். வரிசையை மாடிக்கு ஏற்றலாம் என்பதே இப்போதைக்கு என் பதில்.