மனு எண்ணைக் குறித்து வையுங்கள்

அமெரிக்காவில் தேர்தல் வருடம் நெருங்கினால், மக்களே முன்மொழியும் வாக்கெடுப்பு மனுக்கள் பல மாநிலங்களில் குவியும். தலைப்பை வைத்துத் தேடினால் குழப்பம்தான். கொலராடோவில் ஒரே தரப்பு நாலு சொல்லை மட்டும் மாற்றி நாலைந்து மனு போடுவது சகஜம். அதனால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 21-0042ஏ1 என்றிருந்தால், முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. ஏ1 என்றால் மனு திருத்தப்பட்டிருக்கிறது.

அப்புறம், தாக்கலானதை எல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். கலிஃபோர்னியாவில் மனு வாக்கெடுப்புக்குப் போகத் தேவையான கையெழுத்தைத் திரட்ட 180 நாள்தான். கடைசியாக ஆளுநர் பதவிக்கு விழுந்த ஓட்டில், சாதாரணச் சட்டத்துக்கு 5 சதவீதம், அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 8 சதவீதக் கையெழுத்து வேண்டும். பெரும்பாலானவை இங்கேயே படுத்துவிடும். தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் மாநிலச் செயலரின் இணையதளத்தில் கையெழுத்துச் சரிபார்ப்புக்கு வந்தவற்றை மட்டும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.