கடலோர மனையில் வீடு கட்டுமுன்: சி.ஆர்.இசட். எல்லை பார்ப்பது எப்படி?

கடற்கரையில் மனை பார்க்கப் போகிறவர்கள் அலை நிற்கும் இடத்திலிருந்து காலடி வைத்து அளப்பதுண்டு. அந்த அளவுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, அதாவது சி.ஆர்.இசட்., எல்லாத் தூரத்தையும் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பெரிய ஓதத்தில் நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, கணக்கிடுகிறது. அந்தக் கோட்டை உங்கள் சர்வேயர் போட முடியாது. அரசு ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருப்பதே கோடு.

படி 1: எந்த அறிவிப்பு?

1991-இல் முதலில் வந்த அறிவிப்பு 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. 2019 விதிகளின்படி புதுப்பித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெறும்வரை, அந்தப் பகுதிக்கு 2011 அறிவிப்பே பொருந்தும். புரோக்கர்கள் சொல்வது பெரும்பாலும் 2019-இன் தளர்வான அளவைத்தான். உங்கள் ஊருக்கு எது நடப்பில் உள்ளது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 2: புல எண்ணை வரைபடத்தில் வையுங்கள்

பட்டா, புலப்படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, கிராமப் புல எண்கள் குறித்த பெரிய அளவு வரைபடத்தில் உங்கள் மனையைத் தேடுங்கள். 1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். அதை வைத்து முடிவு செய்தால் மனையே கோட்டின் மறுபக்கம் போய்விடும். மனை எல்லையை ஒட்டி இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம், மனையையும் சி.ஆர்.இசட். கோட்டையும் 1:4,000 அளவில் மேற்பொருத்திய வரைபடம் வாங்குங்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று.

படி 3: வகையும் தூரமும்

கடலோரத்தில் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட். எல்லை. அலையாத்தி, பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடும் கரை, பறவைகள் கூடுகட்டும் இடம், மணல் மேடு இவை முதல் வகை. இங்கே வீடு என்ற பேச்சே வேண்டாம். இரண்டாம் வகை நகரப் பகுதி. அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டும் கட்டலாம். கிராமம் மூன்றாம் வகை. 2011 அறிவிப்பில் கடலோரத்தில் முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2019-இல், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அது 50 மீட்டர். குறைவாக இருந்தால் அதே 200.

கழிமுகம், காயல், ஓடை ஓரத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே சி.ஆர்.இசட். எல்லை 2011-இல் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது. 2019-இல் 100 என்பது 50 ஆனது. ஓடை 30 மீட்டர் அகலம் என்றால் இரண்டிலும் 30தான். 80 மீட்டர் என்றால் முன்னதில் 80, பின்னதில் 50. ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை, கோடை வறட்சியில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். அதனால் கடலே கண்ணுக்குத் தெரியாத மனையும் இதில் மாட்டலாம்.

படி 4: தரையைப் பாருங்கள்

வரைபடம் அனுமதித்தாலும் தரையில் சில வேலைகள் கூடாது. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மேடு வெறும் மணல் அல்ல. புயல் அலையை அதுதான் முதலில் வாங்குகிறது. அழகுக்காக அதைச் சமன்படுத்துவது அறிவிப்பில் நேரடியாகத் தடை செய்யப்பட்டது. ஓடையில் மண் கொட்டித் தூர்ப்பதும் அப்படித்தான். மடவை, கொடுவா குஞ்சுகளும் இறாலும் ஓதத்தோடு உள்ளே வந்து வளர்கின்றன. குறுக்கே சுவரோ சின்னக் குழாயோ போட்டு ஓட்டத்தைக் குறுக்கினால் குஞ்சு வருவது நிற்கும், மழைநீரும் உங்கள் வீட்டுக்கே திரும்பும். கடலைப் பார்த்த ஃபிளட்லைட் வேண்டாம்: பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம்தான் ஊரும், கடலுக்குப் பதில் சாலைக்கு வந்துவிடும். விளக்கைத் தாழ வைத்து மறைப்புப் போடுங்கள். வேலியாகச் சவுக்கு நடுவதும் மணல் மேட்டுக்கு நல்லதல்ல, ஆமை கூடு தோண்டும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. போர்வெல் ஆளை அழைக்குமுன் இதைக் கேளுங்கள்.

படி 5: அனுமதி

2019 அறிவிப்பு நடப்பில் உள்ள இடத்தில், சொந்தமாகக் குடியிருக்க 300 சதுர மீட்டர் வரை கட்டினால் உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம். ஆனால் அதுவும் சி.ஆர்.இசட். விதியைப் பார்த்தே தர வேண்டும். மற்றவை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரைக்குப் போகும். மீனவக் கிராமங்களில் பாரம்பரிய உரிமைப்படி கட்டும் வீட்டுக்கு உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும்தான்.

மனைப்பிரிவு அங்கீகாரம், பட்டா, ஊராட்சி பிளான் அனுமதி, மூன்றும் சேர்ந்தாலும் சி.ஆர்.இசட். அனுமதி ஆகாது. கொச்சி மரடில் ஊராட்சி அனுமதியோடு எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முன்பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் வரைபடத் தாள் எண்ணையும் சி.ஆர்.இசட். வகையையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக ‘பிரச்சினை இல்லை’ என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.