லாகோஸுக்குப் போகும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு: முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்கே அரிசி பருப்பு கிடைக்குமா என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். எல்லாம் கிடைக்கும். லாகோஸில் ஆறு ஆண்டுகள் குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நீங்கள் கேட்க வேண்டியது மின்சாரத்தைப் பற்றி.

நம் ஊரிலும் மின்சாரம் போகிறது. ஆனால் பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று முதல் நாளே பத்திரிகையில் வந்துவிடும். அப்படிப் போனாலும் பழைய வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல்மேல் பாயை விரித்தால் பகலைக் கழித்துவிடலாம். லாகோஸில் எங்களுக்கு வாய்த்தது கண்ணாடிச் சன்னலும் தாழ்ந்த கூரையும் உள்ள அடுக்குமாடி. மின்விசிறி நின்ற பத்தாவது நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல ஆளே இல்லை.

ஆகவே வீடு பார்க்கும்போதே விழிப்பாக இருங்கள். அங்கே ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வது வழக்கம். தவறான வீட்டில் சிக்கினால் ஓராண்டுக்கு அதுதான் கதி. மின் இணைப்புகளை ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறார்கள். ஏ பிரிவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 20 மணி நேரம் மின்சாரம், ஈ பிரிவுக்கு 4 மணி நேரம் என்பது கணக்கு. ஏ பிரிவின் கட்டணம் 2024 ஏப்ரலில் பல மடங்கு உயர்ந்தது, இருந்தாலும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதையே தேடுங்கள். தரகர் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மாலை ஏழு மணிக்குப் போய் வாசல் காவலாளியிடம் பேசுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் மின்சாரம் இருந்தது, ஜெனரேட்டர் எப்போது ஓடும், டீசல் செலவு யாருடையது என்று கேளுங்கள். அவர் உண்மையைச் சொல்வார்.

மீட்டர் பெரும்பாலும் முன்பணம் கட்டும் வகை. பணம் கட்டினால் வரும் 20 இலக்க எண்ணை அதில் அழுத்த வேண்டும். நள்ளிரவில் இருட்டினால் முதலில் மீட்டரைப் பாருங்கள், பணம் தீர்ந்திருக்கலாம்.

எனக்கு நேர்ந்த இழப்பை விவரமாகவே சொல்கிறேன். மின்சாரம் திரும்பி வந்தால் தெருப் பிள்ளைகள் “அப் நேப்பா!” என்று கூவுவார்கள். நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். 2005-இல் அந்த நிறுவனத்தின் பெயரே மாறிவிட்டது, கூவல் மட்டும் நிற்கவில்லை. நாங்கள் அங்கே குடியேறிய இரண்டாம் மாதம் ஒரு மாலை அந்தக் கூவல் கேட்டு மகிழ்ந்து எழுந்தேன். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி ‘டக்’கென்று ஒருமுறை குலுங்கியது, பிறகு ரப்பர் கருகும் வாசம். மறுநாள் வந்த மெக்கானிக் கம்ப்ரஸர் போய்விட்டது என்றார். மின்சாரம் போவதைவிட அது வரும் நொடிதான் கருவிகளைக் கொல்கிறது, மின்னழுத்தம் நிலையாக இராது. மின்சாரம் போனதும் ஃப்ரிட்ஜ், ஏசி, டிவி மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு பல்பை மட்டும் போட்டே வைத்திருங்கள். அது எரியத் தொடங்கி, மங்காமல் ஐந்து நிமிடம் நின்றால் மற்றவற்றைப் போடுங்கள். ஸ்டெபிலைசர் கட்டாயம்.

ஜெனரேட்டர் விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பால்கனியிலோ, நடைபாதையிலோ, சன்னலுக்குக் கீழேயோ அதை ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கும், உறங்குகிறவர்கள் எழுவதே இல்லை. பக்கத்து வீட்டார் அப்படி ஓட்டினாலும் போய்ச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஜெனரேட்டருக்கு ஊற்றும் பெட்ரோலுக்கான மானியத்தை நைஜீரிய அரசு 2023 மே இறுதியில் நிறுத்தியதும் விலை சில நாட்களில் இரு மடங்கைத் தாண்டியது. அதன்பின் நாங்கள் இன்வெர்ட்டருக்கு மாறினோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 1800 வாட்-மணி தரும். ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். 75 வாட் மின்விசிறி இரண்டு, எல்இடி விளக்கு மூன்று என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறி என்றால் அதே பேட்டரியில் இரவின் பெரும்பகுதி ஓடிவிடும். பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிற ஊர் நம் காரைக்குடி. அங்கே தெரிந்தவர் இருந்தால் புறப்படுமுன் அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நம் மிக்ஸியும் கிரைண்டரும் அங்கே ஓடும், மின்னழுத்தம் ஏறக்குறைய நம்முடையதேதான். பிளக் மட்டும் செவ்வக முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகை, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை, 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி.

சாப்பாட்டில் நமக்கு வழி தெரியும். ஆத்தா கட்டிக்கொடுக்கும் வற்றல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சலுக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. மின்சாரம் போனபின் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமலிருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். இட்லி மாவை மட்டும் ஒரு வாரத்துக்கு ஆட்டிவைக்காதீர்கள். அந்தப் புழுக்கத்தில் காலையில் ஆட்டிய மாவு மாலைக்குள் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டிவிடும். இரண்டு வேளைக்கு மட்டும் ஆட்டுங்கள், அதுவும் மின்சாரம் இருக்கும்போதே.